எப்சியின் சாட்சி

ஜூன் 3, செவ்வாய்

இருபத்து நான்கு வருடம் கழித்து இன்று செல்லப்பாண்டி அண்ணாச்சியின் மருந்துக் கடைப் படியேறினேன். நான் பதினேழு வருடம் வேலை பார்த்த கடை. மர அலமாரி போய்க் கண்ணாடி வந்திருக்கிறது, ஏசி வந்திருக்கிறது. வாசம் மட்டும் அதேதான். வாசலில் நின்று ஆழமாக ஒரு மூச்சு இழுத்தேன். வெட்கம் கெட்ட மூக்கு.

"யாரு, கோயில்பிள்ளையா! மருந்து பாவம்னு எழும்பிப் போன ஆளுல்லா வே நீரு?" என்றார் அண்ணாச்சி. கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்ப வேலை பாக்குற பெயிண்ட் கடை முதலாளிக்கு வாங்க வந்தேன்" என்றேன். ஆக, மாத்திரைக்கு முன்னால் பொய் வந்துவிட்டது.

என் மனைவி எப்சியின் இடது கால் பெருவிரல் புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. ராத்திரி ஐந்து தடவை எழும்புகிறாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறாள். போன மாதம் பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாமுக்குப் பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக, ரத்தத்தில் சக்கரை பார்த்ததில் முந்நூற்று நாற்பது. சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டாள். நான் பொறுக்கி ஒட்டவைத்துப் படித்தேன். வைத்தியம் பார்க்கச் சொன்னால் "எனக்குக் கர்த்தர் இருக்காரு" என்கிறாள். புண்ணுக்கு அது தெரியவில்லை.

எங்கள் சபையில் மருந்து கிடையாது. காய்ச்சலுக்கும் ஜெபம், எலும்பு முறிவுக்கும் ஜெபம். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கல்யாணமாகிப் பதினோரு வருடம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. மதுரை வரைக்கும் போய் ஊசி போட்டு ஊசி போட்டு அவள் இடுப்பில் இடமில்லை. டாக்டரே கை விரித்தபின் இந்தச் சபையில் வந்து விழுந்தோம். "ஒரு பிள்ளையைத் தாரும், இனி மருந்தைக் கையால தொட மாட்டேன்" என்று பொருத்தனை செய்தாள். அடுத்த வருடம் ஷைலா பிறந்தாள். நான் கடை வேலையை விட்டேன். இப்போது ஷைலாவுக்கே வயிற்றில் பிள்ளை, ஏழாம் மாதம், ஓசூரில் இருக்கிறாள். மருந்தைத் தொட்டால் கொடுத்ததைக் கர்த்தர் திருப்பி எடுத்துவிடுவார் என்று எப்சிக்குப் பயம்.

எனக்கும்தான் பயம். ஆனால் பெருவிரல் கறுக்க ஆரம்பித்திருக்கிறது. கறுத்த விரல் எங்கே போய் முடியும் என்று பதினேழு வருடம் பார்த்தவன் நான்.

ஜூன் 4, புதன்

காலைக் காப்பியை நான் போட்டேன். மாத்திரையை டம்ளர் அடியில் வைத்து நுணுக்கி, கருப்பட்டிக் காப்பியில் கலக்கினேன். சக்கரை நோய்க்காரிக்குக் கருப்பட்டிக் காப்பியில் சக்கரை மாத்திரை! அண்ணாச்சி கேட்டால் தரையில் விழுந்து சிரிப்பார். கருப்பட்டியைக் கொஞ்சமாகத்தான் போட்டேன். அவள் ஒரு வாய் குடித்து, டம்ளரைப் பார்த்து, என்னைப் பார்த்தாள்.

"என்ன, இன்னைக்கு நீங்க காப்பி போட்டிருக்கிய?"

"ஒனக்குக் கால் வலிக்குல்லா. அடுப்படியில நிக்க வேண்டாம்."

மீதியையும் குடித்துவிட்டாள். ராத்திரி மாத்திரையைச் சட்னியில் அரைத்தேன். கலியாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் நான் சட்னி அரைத்தது இதுதான் முதல் தடவை. அவள் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனையில் கையை உயர்த்தினேன், தோள் வரைக்கும்தான் போனது. வாதமாக இருக்கும். வயது ஐம்பத்தொன்பது ஆகிறதே.

நான் விசுவாசத்தைவிட்டு விழுந்தவன் இல்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன். மூளையைக் கொடுத்தவரும் அவர்தானே. மாத்திரையைக் கண்டுபிடித்தவன் மூளையையும் அவர்தானே கொடுத்தார்.

ஜூன் 19, வியாழன்

புண்ணின் ஓரம் காய்ந்து தோல் ஏறுகிறது. நேற்று ஒரே ஒரு தடவைதான் எழும்பினாள். பெயிண்ட் கடையில் பில் போடும்போது என்னை அறியாமல் விசில் அடித்திருக்கிறேன். "என்ன பாட்டையா, குஷியா இருக்கிய" என்று கணக்குப்பிள்ளை கேட்டான்.

சாயந்திரம் அண்ணாச்சி கடையில் அரை மணி நேரம் நின்றேன். ஒரு கிழவியின் மருந்துச் சீட்டைப் படிக்க முடியாமல் கடைப்பெண் முழித்தாள். எட்டிப் பார்த்துச் சொன்னேன். கையெழுத்து இன்னும் படிக்க வருகிறது! அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அப்புறம்தான், சபைக்காரர் யாராவது பார்த்திருப்பார்களோ என்று நாலு திசையும் பார்த்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

சாட்சி நேரத்தில் எப்சி எழும்பினாள்.

எங்கள் சபையில் பாட்டு முடிந்ததும் பாஸ்டர் ஐயா, "கர்த்தர் செய்ததைச் சொல்ல யாருக்கு மனசிருக்கு?" என்று கேட்பார். ஒருவர் ஒருவராக எழும்பிச் சொல்வார்கள். எப்சி வெள்ளைச் சேலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பி, கால் விரலைக் காட்டிச் சொன்னாள். முந்நூற்று நாற்பது என்றாள், விரலை எடுக்க வேண்டி வரும் என்று முகாமில் சொன்னார்கள் என்றாள். "நான் ஒரு மாத்திரையக்கூடக் கையால தொடல. என் தேவன் ஆத்திட்டாரு." சபையே அல்லேலூயா என்று அதிர்ந்தது. பெண்கள் பக்கத்தில் அழுகிற சத்தம்.

என் மனதில் வந்ததை எழுதத்தான் வேண்டும். எனக்குப் பயம் வரவில்லை. பொறாமை வந்தது. மருந்து என்னுடையது, அளவு என்னுடையது, சட்னி அரைத்து வலித்த கை என்னுடையது. ஸ்தோத்திரம் மட்டும் அவருக்கா?

ஜூலை 4, வெள்ளி

எப்சி இன்று போயிருக்க வேண்டியவள்.

வழக்கம்போல் காப்பி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, "இன்னைக்கு எனக்கு உபவாசம். ஷைலா பிரசவத்துக்காக" என்றாள். சபையில் உபவாசம் இருப்பவர்கள் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் பெருமை ஆகிவிடுமாம். "ஒரு இட்லி தின்னுட்டுப் போயேன்" என்று கெஞ்சினேன். "பிசாசு உங்க வாயில பேசுது" என்று சொல்லிவிட்டுச் சபையின் வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் போய்விட்டாள். மாத்திரையைப் போட்டுவிட்டு வயிற்றைக் காயப்போட்டால் சக்கரை தரைமட்டத்துக்கு இறங்கும். இது தெரிந்த ஒரே ஆள் ஊரிலேயே நான்தான், என்னால் வாயைத் திறக்க முடியாது.

கடையில் லீவு சொல்லிவிட்டு, கருப்பட்டித் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு சபைக்கு ஓடினேன். பதினொரு மணிக்கு அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. கை கால் உதறல். வாய் குழறி என்னென்னவோ சத்தம். பாஸ்டர் ஐயா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "அபிஷேகம்! சகோதரி மேல அபிஷேகம் இறங்குது! அந்நிய பாஷை பேசுறாங்க! யாரும் தொடாதீங்க!" என்று கத்தினார். எல்லாரும் சுற்றி நின்று கை தட்டிப் பாடினார்கள். என் பெண்டாட்டி செத்துக்கொண்டிருக்கிறாள், இவர்கள் தாளம் போடுகிறார்கள்.

ஆட்களைத் தள்ளிவிட்டு, மடியில் போட்டு வாயில் ஊற்றினேன். பாதி சேலையில் கொட்டியது. கால் மணி நேரத்தில் கண்ணைத் திறந்து, "என்ன ஆச்சு?" என்றாள்.

"ஆவியானவர் வந்தாரு சிஸ்டர்" என்றார் பாஸ்டர். என்னைப் பார்த்து, "பிரதர், உபவாசத்தை முறிச்சிட்டீங்களே" என்று வருத்தப்பட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

எப்சியின் சாட்சி சபைப் பத்திரிகையில் படத்தோடு வருகிறதாம். மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை, அவள் உபவாசம் இருந்தாலும் இருப்பாள் என்று, அதுவும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

மதியம் ஜெபக்கனி வீட்டுக்கு வந்தாள். லோடு ஆட்டோ ஓட்டுகிற சாமுவேல் துரையின் மனைவி, இருபத்தொன்பது வயது, வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறாள். சபைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. பதினாறு வயதிலிருந்து இன்சுலின் ஊசி. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, தானே போட்டுக்கொள்வாள். சபையில் ஞானஸ்நானம் கேட்டிருக்கிறாள், ஊசியை விட்டால்தான் தருவார்கள்.

"எக்கா, ஒங்களுக்கு ஆத்துனவரு எனக்கு ஆத்த மாட்டாராக்கா?" என்று எப்சியின் காலடியில் உட்கார்ந்து கேட்டாள்.

எப்சி அவள் தலையில் கை வைத்து ஜெபித்தாள். நீளமான ஜெபம். நான் கண்ணை மூடவில்லை. எப்சியும் நடுவில் ஒரு தடவை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

ஜெபக்கனி கிளம்பியதும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே தெருவுக்குப் போனேன். மாத்திரைக்கும் ஊசிக்கும் வித்தியாசம் உண்டு. எப்சி மாத்திரை இல்லாமல் ஒரு வருடம் தள்ளிவிடலாம். ஊசியில் வளர்ந்த உடம்பு ஊசி இல்லாமல் ஒரு வாரம் தாங்காது.

"யம்மா, ஊசியை மட்டும் நிப்பாட்டாத."

"என்ன அண்ணாச்சி, நீங்களே இப்படிச் சொல்லுதிய? எப்சி அக்காவுக்கு ஆச்சுல்லா? கண்ணால பாத்துக்கிட்டு இருக்கிய!"

அதுதான் நேரம். அவளுக்கு ஆத்தினது நான்தான் என்று ஒரே ஒரு வரி. சொன்னால் சாயந்திரமே அது எப்சி காதுக்கு வரும். அப்புறம் அவள் என் கையால் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஆறு மாதத்தில் கால் போகும், பிறகு ஆளும் போகும்.

"கொஞ்ச நாள் பொறும்மா. அவசரப்படாத" என்றேன். "சரி அண்ணாச்சி" என்று சிரித்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தேன். எப்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னிய?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

ஆட்டோ ஸ்டாண்டில் சாமுவேல் துரையைப் பிடித்தேன். நான் மருந்துக் கடையில் இருந்தவன், எனக்குத் தெரியும், ஊசி இல்லாவிட்டால் ஆபத்து என்றேன்.

"அவ ஞாயித்துக்கிழமையே எல்லாத்தையும் பாஸ்டர் ஐயா கையில குடுத்துட்டாளே அண்ணாச்சி. நல்லாத்தான் இருக்கா. தாகம் மட்டும் எடுக்குன்னா. அது வெயிலுக்குத்தான?"

வெயிலுக்குத்தான் என்று நான் சொல்லவில்லை. வேறு எதையும் சொல்லவும் இல்லை. ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தான், குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 17, வியாழன்

மத்தியானம் எப்சியோடு ஜெபக்கனி வீட்டுக்குப் போனேன். காலையிலிருந்து வாந்தி. பாயில் கிடந்து, ஓடி வந்தவள்போல் மூச்சு வாங்குகிறாள். கிட்டே போய் முகர்ந்தேன். அழுகின பழவாடை. ஊசி நின்றுபோன சக்கரை நோய்க்காரர் மூச்சில் வருவது, எனக்குத் தெரிந்த வாடைதான்.

பாஸ்டர் ஐயாவும் பத்துப் பேரும் சுற்றி முழங்காலில் நின்றார்கள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்" என்றேன். பாட்டு நின்றது.

"பிரதர்," என்றார் பாஸ்டர் தன்மையாக, "ஒங்க வீட்டுலயே கர்த்தர் இவ்வளவு பெரிய காரியம் செஞ்சிருக்காரு. நீங்க அவிசுவாசம் பேசலாமா?"

ஜெபக்கனி கண்ணைத் திறந்து எப்சியைத் தேடினாள். "எக்கா... ஒங்க சாட்சிய இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள். எப்சி சொல்லவில்லை, ஜெபிக்கவுமில்லை, அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாயைத் திறந்தேன். "தண்ணி குடுங்க" என்றேன். அது மட்டும்தான் வந்தது. தூ!

வெளியே வந்து தெரு முக்குக் கடையில் நின்று ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். பேர் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. சாமுவேல் துரை வாசலுக்கு வந்து கும்பிட்டு, "எங்க வீட்டுல யாரும் கூப்பிடலங்க" என்று திருப்பி அனுப்பினான். நான் முக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் நான்தான் கூப்பிட்டேன் என்று சொல்ல இருபதடி தூரம்கூட இல்லை.

ஜூலை 18, வெள்ளி

விடியக்காலம் ஜெபக்கனி போய்விட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

வயிறு சரியில்லை என்று சபைக்குப் போகவில்லை. எப்சி மட்டும் போனாள். சாட்சி நேரத்தில் எழும்பவில்லையாம். யாரும் ஏன் என்று கேட்கவில்லையாம்.

ஜூலை 26, சனி

இன்று சாயந்திரம் சாமுவேல் துரை வந்தான். சவரம் பண்ணாத முகம். ஒரு பையில் தைத்து முடித்த ரவிக்கை. எப்சி கொடுத்திருந்த துணி. "அவ முடிச்சு வச்சிருந்தாக்கா" என்று நீட்டினான். எப்சி வாங்கவில்லை, நான்தான் வாங்கினேன்.

அப்புறம் கேட்டான்.

"எக்கா, ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லுங்க. என் வீட்டுக்காரிக்கு விசுவாசம் பத்தலையா? இல்ல எனக்குத்தான் பத்தலையா? ஆம்புலன்ஸ் வந்தப்ப ஒரு நிமிசம் ஏத்திருவோமான்னு நெனச்சேன்க்கா. நான் நெனச்சதுனாலதான் ஆகாமப் போச்சா?"

நான் தரையைப் பார்த்தேன். "அப்படியெல்லாம் இல்லய்யா. கர்த்தருடைய சித்தம்" என்றாள் எப்சி. அந்தப் பதிலுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான், பாவி.

அவன் போனதும் நான் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். ஜூன் நாலாம் தேதியிலிருந்து காப்பி, சட்னி, அண்ணாச்சி கடை, மாத்திரையின் பேர், அளவு. அவள் மாரிலடித்துக்கொண்டு அழுவாள், வெளியே போ என்பாள் என்று நினைத்தேன். ரவிக்கையை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"பதினோரு வருசம் மருந்துக் கடைக்காரன்கூடக் குடித்தனம் பண்ணியிருக்கேன். மாத்திரைக் கசப்பு எனக்குத் தெரியாதா? மொத வாயிலேயே தெரியும். என்னைக்காவது ஒரு சுடுதண்ணி வச்சுத் தந்த மனுசனா நீங்க?"

"தெரிஞ்சுமா குடிச்ச?"

"நான் பொருத்தனை பண்ணினது என் கையால தொட மாட்டேன்னு. நான் தொடல. நீங்க தந்திய, குடிச்சேன். பாவம்னா அது ஒங்க மேல. என் பிள்ளை மேல வராது." பிறகு சத்தம் இறங்கியது. "எனக்கும் சாவப் பயம்லா இருந்துச்சு."

"அப்ப சாட்சி? அதை ஏன் சொன்ன?"

"ஆறிப்போச்சே, எப்படி ஆறிச்சுன்னு எல்லாரும் கேட்டாவ. என்னத்தச் சொல்லச் சொல்லுதிய? நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய்யா? கையால தொடலன்னுதான சொன்னேன்?"

"ஜெபக்கனி செத்துட்டாட்டி!" என்று கத்திவிட்டேன்.

அப்போதுதான் அழுதாள். "அவ வந்த அன்னைக்கு நீங்க பின்னாலயே எழும்பிப் போனியல்லா? சொல்லத்தான் போறியன்னு நெனச்சேன். சொல்லட்டும், போகட்டும், நம்ம மானம் போனாப் போவுதுன்னு உக்காந்திருந்தேன். நீங்க ஒண்ணுமில்லன்னு வந்து உக்காந்திய. அவ வீட்டுலயும் நீங்க வாயத் தொறந்திய. இப்ப சொல்லிருவாவ, இப்ப சொல்லிருவாவன்னு இருந்தேன். தண்ணி குடுக்கச் சொல்லுதிய!"

அவள் வாயை நான் பார்த்தேன், என் வாயை அவள் பார்த்தாள், நடுவில் ஒரு பெண் மூச்சு வாங்கிச் செத்தாள்.

நாளைக்குச் சாட்சி நேரத்தில் நான் எழும்புவேன். சபைப் பத்திரிகை வந்துவிட்டது, எப்சியின் படம் போட்டு ஆயிரம் வீட்டுக்குப் போகிறது. இன்னும் எத்தனை பேர் மருந்தைத் தூக்கிப் பாஸ்டர் கையில் கொடுப்பார்களோ. எழும்பிச் சொல்லிவிடுவேன். எப்சியிடமும் சொல்லிவிட்டேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் காப்பி போட்டேன். கலக்கவில்லை. டம்ளரை ஒரு தட்டில் வைத்து, பக்கத்தில் மாத்திரையை முழுசாக வைத்து அவள் முன்னால் வைத்தேன். இனி ஒளிவு மறைவு எதற்கு? வேண்டுமென்றால் தன் கையால் எடுத்துப் போடட்டும், வேண்டாமென்றால் விடட்டும்.

அவள் தட்டைப் பார்த்தாள். காப்பியில் ஆடை படிகிற வரைக்கும் பார்த்தாள். அந்த நேரத்தில் ஷைலா போனில் கூப்பிட்டாள். பிள்ளை உதைக்கிறதாம். அடுத்த வாரம் ஊருக்கு வருகிறாளாம். எப்சி சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டுப் போனை வைத்தாள்.

"நேரமாவுது. கலக்கித் தாங்க" என்றாள்.

நுணுக்கினேன். கலக்கிக் கொடுத்தேன். குடித்தாள்.

சபையில் பாட்டு முடிந்தது. "கர்த்தர் செய்ததைச் சொல்ல யாருக்கு மனசிருக்கு?" என்று பாஸ்டர் ஐயா கேட்டு முடிப்பதற்குள் எழும்பிவிட்டேன். இருபத்து நான்கு வருடத்தில் நான் சாட்சி சொல்ல எழும்பியதே இல்லை, அதனால் எல்லாத் தலையும் திரும்பியது. பெண்கள் பக்கத்திலிருந்து எப்சியும் பார்த்தாள். அந்தப் பார்வையால் கும்பிடுகிறாளா, தடுக்கிறாளா, சொல்லு என்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் சாமுவேல் துரை, இன்னும் சவரம் பண்ணவில்லை.

"என் மகளுக்கு..." என்று ஆரம்பித்தேன். "என் மகளுக்குப் பிரசவ நேரம். எல்லாரும் ஜெபம் பண்ணிக்கிடுங்க."

உட்கார்ந்துவிட்டேன்.

முதல் ஆளாக முழங்கால் போட்டு என் மகளுக்காகச் சத்தமாக ஜெபித்தவன் சாமுவேல் துரை.